விறகடுப்புப் புகைக்குழாய்: பலகாரக் காலத்தில் திரும்பத் திரும்ப வரும் சந்தேகங்கள்

மலேசியாவில் சுங்கை சிப்புட் போன்ற தோட்டப் பட்டணங்களில் கேஸ் வந்து எத்தனையோ காலமாகிவிட்டது. ஆனாலும் கோயில் மடப்பள்ளியிலும், முறுக்கு அதிரசம் போட்டு விற்கும் கொட்டகையிலும், கல்யாணச் சமையல் எடுப்பவர்களின் பின்கட்டிலும் விறகடுப்பு இன்னும் எரிகிறது. மற்ற மாதங்களில் எப்போதாவது எரியும் அடுப்பு, தீபாவளிக்கு ஐந்தாறு வாரம் முன்னால் தொடங்கினால் விடியற்காலை முதல் ராத்திரி வரை ஓயாது. புகைக்குழாய் பற்றிய சந்தேகங்களும் அப்போதுதான் வரிசைகட்டி வரும். கேட்டவர்கள் கேட்டபடியே கேள்விகளைக் கீழே போட்டிருக்கிறோம்.

பதில்கள் எல்லாம் 6 அங்குல (150 மில்லிமீட்டர்) இரும்பு அல்லது ஸ்டெயின்லெஸ் குழாய், 10 முதல் 14 அடி உயரம், தகரக் கூரையைத் துளைத்து வெளியே போவது என்று வைத்துக்கொண்டு சொன்னவை.

குழாய்க்குள்ள புகைதானே போகுது, அதை எதுக்குக் கழுவணும்?

கழுவவே கூடாது, தேய்த்து எடுக்க வேண்டும். தண்ணீர் பட்ட கரி புளித்துக் குழாயை அரிக்கும், சேறாகி வளைவில் போய் உட்காரும்.

புகை என்பது எரியாமல் தப்பித்த விறகுதான். நீராவி, தார் ஆவி, நுண்ணிய கரி எல்லாம் அதில் கலந்திருக்கின்றன. குழாய்ச் சுவரின் சூடு ஏறக்குறைய 120 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இறங்கினால், இட்லிப் பானை மூடியில் நீர் கோப்பது போல அந்த ஆவி சுவரில் கோத்து ஒட்டிக்கொள்ளும். கிரியோசோட் என்பது இதைத்தான். இங்கே தார் என்றே சொல்லிவிடுவோம். தார் வழியைக் குறுக்கிப் புகையைச் சமையற்கட்டுக்குத் திருப்பும். அதைவிட மோசம், ஒருநாள் பெரிய தீ போடும்போது தானே பற்றிக்கொள்ளும்.

எத்தனை நாளைக்கு ஒரு தரம் செய்யணும்?

நாளை எண்ணாதீர்கள், படிந்திருப்பதை அளந்து பாருங்கள். பழைய ஸ்டீல் ஸ்கேலின் முனையைக் குழாயின் உட்சுவரில் நேராகக் குத்திக் கைபேசி விளக்கைப் பிடித்தால், கரி எந்தக் கோடு வரை அப்பியிருக்கிறது என்று தெரியும். ஸ்கேலில் பூஜ்யத்துக்கு முன்னால் இருக்கும் வெற்று ஓரத்தை அரத்தால் தேய்த்துவிட்டு அளக்கவும். எங்காவது ஓரிடத்தில் 3 மில்லிமீட்டர் கண்டால் தேய்க்கும் நேரம் வந்துவிட்டது. பளபளவென்று மெருகு போட்டது போல இருந்தால் அளவே பார்க்க வேண்டாம், அடுப்பை நிறுத்த வேண்டியதுதான்.

3 மில்லிமீட்டர் கொஞ்சம்தானே என்று தோன்றும். வழி என்று பார்த்தால் கொஞ்சம்தான்: 150 மில்லிமீட்டர் குழாயில் சுற்றிலும் 3 படிந்தால் 8 விழுக்காடு அடைபடும், 6 படிந்தால் 15, 12 படிந்தால் 29. ஆனால் அந்த 3 மில்லிமீட்டரும் எரியக்கூடியது என்பதுதான் விஷயம். பலகாரக் காலத்தில் வாரம் ஒருமுறை அளந்து பாருங்கள். காய்ந்த விறகென்றால் மூன்று நான்கு வாரம் ஓடும். ஈர விறகென்றால் பத்து நாளில் கோட்டைத் தொட்டுவிடும்.

விழுந்த கரியைப் பார்த்து ஏதாச்சும் தெரிஞ்சுக்க முடியுமா?

எல்லாம் தெரிந்துகொள்ளலாம். தேய்த்து முடித்ததும் அப்படியே கொண்டுபோய்க் கொட்டிவிடாமல் ஒரு பேப்பரில் பரப்பிப் பாருங்கள். விரலில் மை போல ஒட்டும் மாவுக்கரி என்றால் அடுப்பு ஒழுங்காக எரிகிறது. உடைந்த அப்பளம் போல, ஒரு பக்கம் மினுங்கும் செதில்கள் என்றால் தீ அடிக்கடி தணிந்து போகிறது, அல்லது விறகு முழுக்கக் காயவில்லை. ஒன்றும் விழாமல் பிரஷ் மட்டும் பிசுபிசுப்பாக வந்தால் உள்ளே தார் பாகாகப் படிந்திருக்கிறது. அதற்குத் தனிக் கேள்வி கீழே இருக்கிறது.

முறுக்குக் கொட்டகைகளில் இன்னொரு தினுசும் உண்டு: கரியோடு எண்ணெய்ப் பிசுக்கு சேர்ந்த கருப்புக் களி. எண்ணெய்ச் சட்டிக்கு மேலே உள்ள ஆவிக்கூண்டை விறகுக் குழாயோடு இணைத்துவிட்டார்கள் என்று அர்த்தம். அந்த இணைப்பை உடனே கழற்றி, எண்ணெய் ஆவிக்கு வேறு வழி வையுங்கள். இரண்டும் ஒரே குழாயில் போகக் கூடாது.

பிரஷ் எங்க கிடைக்கும்? விளக்குமாத்தைக் கம்புல கட்டி விட்டா போதாதா?

மாவுக்கரிக்கு விளக்குமாறு போதும். ஈர்க்குச்சி விளக்குமாற்றின் முனையை 6 அங்குல வட்டத்துக்குக் கொஞ்சம் பெரிதாக விரித்து, மூங்கில் கழியில் கம்பியால் இறுக்கிக் கட்டி மேலும் கீழும் இழுக்கலாம். செதிலுக்கு அது வேலைக்காகாது, மேலே தடவிவிட்டு வந்துவிடும்.

நம் ஊர் இரும்புக்கடைகளில் புகைபோக்கி பிரஷ் என்று கேட்டால் பெரும்பாலும் கையை விரிப்பார்கள். இணையத்தில் 6 அங்குல வட்ட பிரஷ்ஷும், ஒன்றோடொன்று திருகிச் சேர்க்கும் வளையும் கம்பிகளும் சேர்ந்தே வாங்கலாம். ஸ்டெயின்லெஸ் குழாய்க்குக் கெட்டி பிளாஸ்டிக் இழை, கனத்த இரும்புக் குழாய்க்கும் செங்கல் புகைபோக்கிக்கும் கம்பி இழை. கயிற்றில் சங்கிலி கட்டி மேலிருந்து ஆட்டும் பழக்கம் சிலரிடம் இருக்கிறது. மெல்லிய தகரக் குழாயில் அது குழிகளைத்தான் உண்டாக்கும், அடுத்த கரி அந்தக் குழியில்தான் முதலில் தங்கும்.

அடுப்பு தினமும் எரியுது. எப்ப அணைச்சு, எப்படிப் பண்றது?

ஆர்டர் குறைவாக உள்ள நாளுக்கு முந்தின இரவு தீயை வளரவிடாமல் அடங்கவிடுங்கள். குறைந்தது 12 மணி நேரம் ஆற வேண்டும். சாம்பலுக்கு அடியில் தணல் ஒளிந்திருக்கும். சாம்பலை முதலில் மூடியுள்ள இரும்பு வாளியில் அள்ளி வெளியே வையுங்கள். கண்ணாடி, கையுறை, என்95 முகக்கவசம் வேண்டும். புகைமூட்டக் காலத்தில் வாங்கி மிச்சம் வைத்தது இருந்தால் எடுத்துக்கொள்ளலாம். புகைக்கரி தோலில் நாள்பட ஒட்டிக் கிடந்தால் புற்றுநோய் வரும் என்பதை 1775-லேயே லண்டன் அறுவை மருத்துவர் பெர்சிவல் பொட், புகைபோக்கி துடைக்கும் ஆட்களிடம் கண்டு எழுதிவிட்டார். வேலை முடிந்ததும் அந்தச் சட்டையோடு சாப்பிட உட்காராதீர்கள்.

ஆறிய அடுப்பின் வாயை நனைத்துப் பிழிந்த சாக்கால் அடையுங்கள். குழாயின் அடியில் துடைப்பு மூடி இருந்தால் அதைத் திறங்கள். இல்லையென்றால் முதல் துண்டின் மூன்று திருகாணிகளைக் கழற்றி இறக்கி, வெளியே கொண்டுபோய்த் தனியாகத் தேயுங்கள். திறந்த வாயில் தடித்த குப்பைப் பையை டேப்பால் சுற்றி ஒட்டி, பையில் சின்ன ஓட்டை போட்டு அதன் வழியாகக் கம்பியை விடுங்கள். கரி பைக்குள்ளேயே விழும், முறுக்கு மாவில் விழாது.

பிரஷ்ஷைக் கீழிருந்து மேலே ஏற்றுங்கள். ஒரு கம்பி உள்ளே போனதும் அடுத்ததைத் திருகிச் சேர்க்கவும். சுற்றுவதென்றால் எப்போதும் வலப்பக்கமாகவே. இடப்பக்கம் ஒரு சுற்றுச் சுற்றினாலும் திருகு கழன்று பிரஷ் மேலேயே தங்கிவிடும். அதை எடுக்கக் குழாயையே பிரிக்க நேரிடும். கம்பி இழை பிரஷ்ஷை நடுக்குழாயில் திருப்பி இழுக்காதீர்கள், இழைகள் எதிர்ப்பக்கம் மடிந்து சிக்கிக்கொள்ளும். முனை வெளியே எட்டிப் பார்த்த பிறகே கீழே இழுக்க வேண்டும். நாலைந்து முறை ஏற்றி இறக்கினால் விழும் சத்தம் குறையும். வளைவுகளையும், குழாய்க்குள் திரும்பும் டேம்பர் தகட்டின் மேல்புறத்தையும் கையாலேயே வழித்தெடுங்கள். மேலே தேய்த்ததெல்லாம் வந்து உட்காருவது அங்கேதான், பலர் விட்டுவிடுவதும் அதைத்தான்.

கூரை மேல ஏறாம முடியவே முடியாதா?

மேலே சொன்ன முறையில் ஏறவே வேண்டாம், கீழிருந்தே முடிந்துவிடும். ஏறித்தான் ஆகவேண்டும் என்றால் காலையில், கூரை காய்ந்திருக்கும்போது, ஏணியைப் பிடிக்க ஓர் ஆளோடு ஏறுங்கள். பிற்பகலில் இடி மின்னலோடு மழை இறங்கும் ஊரில் 2 மணிக்கு மேல் இரும்புக் குழாயைக் கட்டிக்கொண்டு கூரையில் நிற்பது புத்திசாலித்தனம் அல்ல.

பழைய லயத்து வீடுகளிலும் தோட்டத்துக் கட்டடங்களிலும் கூரை ஆஸ்பெஸ்டாஸாக இருக்கலாம். பார்க்கக் கெட்டியாகத் தெரியும், மிதித்தால் உடைந்து ஆளைக் கீழே விடும். உடைந்த தூள் நுரையீரலுக்கு ஆகாது. அதில் ஏறவும் வேண்டாம், புதிதாக ஓட்டை போடவும் வேண்டாம்.

மைனா கூடு கட்டுதுன்னு மேல வலை போட்டோம். இப்ப புகை உள்ளயே திரும்புது.

வலை அடைத்திருக்கும். குழாய் முழுவதிலும் குளிர்ந்த இடம் மேல்முனை. தார் முதலில் கோப்பது அங்கேதான். கொசுவலைக் கம்பி போட்டிருந்தால் ஒரே வாரத்தில் மூடிவிடும். அரை அங்குலக் கண்ணுள்ள வலை போடுங்கள்: மைனா நுழையாது, கரியும் சீக்கிரம் அடைக்காது. தேய்க்கும்போது தொப்பியையும் வலையையும் பார்ப்பது வழக்கமாகட்டும்.

சும்மா கிடந்த அடுப்பை முதன்முதலாகப் பற்றவைக்கும் முன் கீழிருந்து விளக்கடித்துப் பாருங்கள். கூடு இருந்தால் பிரஷ் தள்ளிவிடும். ரீங்காரம் கேட்டால் தீ மூட்டி விரட்டப் பார்க்காதீர்கள். குளவிக்கூட்டை எடுக்கக் குடிமைத் தற்காப்புப் படையையோ பொம்பாவையோ (தீயணைப்புப் படை) கூப்பிடுங்கள்.

தோட்டத்துல மறுநடவுக்கு மரம் தள்ளினாங்க, ஒரு லாரி கித்தா விறகு வந்துச்சு. எப்ப எரிக்கலாம்?

இந்தத் தீபாவளிக்கு வேண்டாம். வெட்டின சூட்டில் ரப்பர் மரத்தின் எடையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் தண்ணீர்தான். 10 கிலோ விறகை அடுப்பில் வைத்தால் 3 கிலோவுக்கு மேல் தண்ணீரைக் கொதிக்கவைத்துக் குழாய் வழியே அனுப்புகிறீர்கள். அந்த ஆவிதான் குழாயைக் குளிரவைத்துத் தாரையும் படியவைக்கிறது. மணிக்கட்டுத் தடிமனுக்குப் பிளந்து, தரையில் படாமல் கட்டை வைத்து, மேலே தகரமும் பக்கங்கள் திறந்தும் அடுக்கினால் மூன்று நான்கு மாதத்தில் ஈரம் 20 விழுக்காட்டுக்குக் கீழே வரும். சுற்றிலும் தார்ப்பாய் போர்த்தினால் காயாது, பூசணம் பூக்கும். மலிவான ஈரமானி ஒன்று வாங்கிக்கொண்டால் சண்டையே இல்லை. விறகைப் பிளந்து, புதிதாகத் திறந்த முகத்தில் ஊசியைக் குத்திப் பாருங்கள். வெளிப்பட்டை காய்ந்திருப்பது ஒன்றையும் சொல்லாது.

கித்தா விறகில் இன்னொன்று பார்க்க வேண்டும். பால் வெட்டின பட்டையில் ஒட்டுப்பால் நாடா போலத் தொங்கும். சில சமயம் மங்கில் (பால் பிடிக்கும் கிண்ணத்தில்) கிடந்த கட்டிப்பாலும் கூடவே வரும். அது எரிந்தால் கருஞ்சடையாகப் புகை வரும், நாற்றம் பலகாரத்தில் ஏறும், கரி அரக்காகக் குழாயில் ஒட்டும். அடுக்கும்போதே உரித்தெடுத்துவிடுங்கள். தளவாடத் தொழிற்சாலையின் பெயின்ட் அடித்த, ஒட்டுப்பலகைத் துண்டுகள் இலவசமாகக் கிடைத்தாலும் சமையல் அடுப்பில் வைக்காதீர்கள்.

பச்சை விறகு கலந்தாதான் நின்னு எரியும்னு எங்க தாத்தா சொல்வாரு. அவரு தப்பாவா சொல்லியிருப்பாரு?

தப்பாகச் சொல்லவில்லை, வேறோர் இடத்துக்குச் சொன்னார். தோட்டத்து ரப்பர் புகைக்கூடத்தில் ஷீட்டைக் காயவைக்க 40 முதல் 60 டிகிரி சூடும் நிறையப் புகையும் வேண்டும். புகையில் உள்ள தார்ச்சத்துதான் ஷீட்டில் பூசணம் பிடிக்காமல் காத்தது. அதனால் பச்சை விறகைப் போட்டு, மெதுவாகப் புகையவிட்டார்கள். ஷீட்டில் படிய வேண்டும் என்று அங்கே ஆசைப்பட்ட அதே சரக்குதான் இங்கே உங்கள் குழாயில் படிந்து தொல்லை கொடுக்கிறது. புகைக்கூடத்து விதியை முறுக்கு அடுப்புக்குக் கொண்டுவராதீர்கள்.

தீ குறைய வேண்டுமா? சின்னத் தீயாக, ஆனால் சுடர்விட்டு எரியும்படி மெல்லிய விறகு வையுங்கள். பெரிய கட்டையைப் போட்டுக் காற்றுவாயை மூடி ராத்திரி முழுக்கப் புகையவிடுவதுதான் குழாய்க்கு எல்லாவற்றிலும் கேடு.

மழை பேஞ்சா மட்டும் புகை வீட்டுக்குள்ள வருது. ஏன்?

தீபாவளி வரும் அக்டோபர், நவம்பரில்தான் மேற்குக் கரையில் பருவமாற்ற மழை பலமாக இருக்கும். குளிர்ந்த குழாய்க்குள் கனத்த காற்று அடைத்துக்கொண்டு நிற்கும். புதுத் தீயின் புகைக்கு அதைத் தள்ளும் பலம் இருக்காது. அடுப்பை மூட்டும் முன் இரண்டு பேப்பர் தாளைச் சுருட்டிக் கொளுத்திக் குழாய் வாய்க்குள் அரை நிமிடம் பிடியுங்கள். சுடர் மேல்நோக்கி இழுபட்டால் விறகைப் பற்றவைக்கலாம்.

அப்படியும் திரும்பினால் உயரத்தைப் பாருங்கள். கூரையைத் துளைத்த இடத்திலிருந்து 3 அடிக்குக் குறையாமலும், 10 அடித் தூரத்துக்குள் உள்ள எந்தக் கூரை முகட்டையும்விட 2 அடி உயர்ந்தும் குழாய் நிற்க வேண்டும். பக்கத்தில் மாடி எழும்பிய பிறகு புகை திரும்ப ஆரம்பித்த அடுப்புகள் பல.

மழை இல்லாத நாள்லயும் திரும்புது. நேத்துதான் தேய்ச்சோம்!

சுவரில் எக்ஸாஸ்ட் விசிறி ஓடுகிறதா? அதை நிறுத்திவிட்டு ஒரு ஜன்னலைத் திறந்து பாருங்கள். மூடிய அறையில் விசிறி வெளியே தள்ளும் காற்றுக்கு ஈடாக எங்கிருந்தாவது காற்று உள்ளே வந்தாக வேண்டும். அகலமான வழி புகைக்குழாய்தான் என்றால் அதன் வழியாகவே வரும், புகையையும் கூட்டிக்கொண்டு. விசிறி வேண்டுமென்றால் அடுப்புக்கு எதிர்ப்பக்கம் ஒரு ஜன்னல் எப்போதும் திறந்திருக்க வேண்டும்.

தீயில உப்பு போட்டா கரி தானா விழுந்துடும்ங்கறாங்க?

விழாது. உப்பின் குளோரைடு ஆவி ஸ்டெயின்லெஸ்ஸிலேயே ஊசித்துளை போடும், சாதாரண இரும்பைக் கேட்கவே வேண்டாம். உருளைக்கிழங்குத் தோலும் அப்படித்தான் ஒரு நம்பிக்கை.

கண்ணாடி மாதிரி ஒட்டியிருக்கு, சுரண்டியும் வரல. என்ன செய்ய?

இதுதான் முன்னே சொன்ன பாகுத்தார். பிரஷ் அதை மெருகேற்றத்தான் செய்யும். எரித்துத் தீர்த்துவிடலாம் என்று பெருந்தீ போடுவது வேண்டவே வேண்டாம். தாரைச் செதிலாக உலரவைக்கும் தூள் விற்கிறார்கள். சொன்ன அளவில் சில நாள் போட்டால் கொஞ்சம் இளகும், பிறகு தேய்த்து எடுக்கத்தான் வேண்டும்.

நம் குழாய் 10, 12 அடிதான். பாகு பிடித்த துண்டுகளைக் கழற்றிப் புதிதாக மாற்றுவதே சுளுவு. செங்கல் புகைபோக்கி என்றால் விவரம் தெரிந்த ஆளை வைத்துத்தான் சுரண்ட வேண்டும். வேகமாகத் தட்டினால் உள்பூச்சு பெயரும்.

குழாயை மறுபடி மாட்டிட்டோம். ஓட்டை இருக்கான்னு எப்படிப் பார்க்கிறது?

சாம்பிராணிதான் நல்ல வழி. அடுப்புக்குள் தூபக்காலை வைத்துச் சாம்பிராணி போட்டு, அடுப்பு வாயைச் சாக்கால் மூடி, மேல்முனையில் ஈரத்துணி செருகுங்கள். மூட்டுகளில் எங்கே வெள்ளையாகக் கசிகிறதோ அங்கே ஓட்டை. துணியை எடுக்க மறக்காதீர்கள். கசியும் மூட்டுக்கு உலைச் சிமெண்டு பூசுங்கள். சாதாரண சிலிக்கான் சூட்டில் கெட்டுவிடும்.

மூட்டில் வெளிப்பக்கமாகக் கருப்பு நீர் வழிந்த தடம் இருந்தால் துண்டுகளைத் தலைகீழாகச் சொருகியிருக்கிறார்கள். சுருக்கிய முனை கீழ்நோக்கி, அடுப்புப் பக்கமாக இருக்க வேண்டும். அப்போதுதான் வழியும் தார் குழாய்க்குள்ளேயே இறங்கித் தீயில் விழும். ஒவ்வொரு மூட்டுக்கும் மூன்று திருகாணி போடுங்கள். பலகைச் சுவரிலிருந்து குழாய் 18 அங்குலமாவது தள்ளி இருக்கிறதா என்பதையும் இதோடு பார்த்துவிடுங்கள்.

திடீர்னு குழாய்ல லாரி போற மாதிரி 'ஹோ'ன்னு சத்தம் வந்துச்சு. அது என்ன?

உள்ளே தார் பற்றிக்கொண்டு எரிந்தது. குழாய் நடுங்கும், மேலே தீப்பொறி தெறிக்கும், தகரம் சிவக்கும். உள்சூடு 1,000 டிகிரியைத் தாண்டக்கூடும். முதலில் எண்ணெய்ச் சட்டியை விட்டு எல்லாரையும் வெளியே அனுப்புங்கள். கைக்கு எட்டினால் அடுப்பின் கதவையும் காற்றுவாயையும் மூடி, 999-க்குக் கூப்பிடுங்கள். குழாய்க்குள் தண்ணீர் ஊற்றாதீர்கள். ஒரே நொடியில் ஆவியாகி மூட்டுகளைப் பிளக்கும், பக்கத்தில் நிற்பவரை வேகவைக்கும்.

தானே அணைந்துவிட்டாலும் மறுநாள் அடுப்பு மூட்டக் கூடாது. எல்லாத் துண்டையும் கழற்றி வளைந்ததையும் நிறம் மாறியதையும் மாற்றிவிட்டு, சாம்பிராணிச் சோதனை செய்த பிறகுதான் தீ.

அடுப்புக் கிட்ட வேலை செஞ்சா தலை வலிக்குது, வெளிய வந்தா சரியாயிடுது. அனல்தானே காரணம்?

அனலென்று விட்டுவிடாதீர்கள். தலைவலி, கிறுகிறுப்பு, குமட்டல், வெளியே வந்ததும் தெளிவது எல்லாம் கார்பன் மோனாக்சைடின் அடையாளம். அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை; புகை கண்ணில் படாத தணல் அடுப்பிலும் வரும். ஒன்றுக்கு மேற்பட்டவருக்கு ஒரே நேரத்தில் அப்படி இருந்தால் எல்லாரும் வெளியே வந்து கதவு ஜன்னலைத் திறந்து வையுங்கள். மயங்கியவர் இருந்தால் 999. குழாயை அளந்து பார்க்காமல் திரும்ப மூட்டாதீர்கள். மின்கலத்தில் ஓடும் எச்சரிக்கைக் கருவி ஒன்றைச் சுவரில் மாட்டுவது நல்லது.

எடுத்த கரியைச் செடிக்குப் போடலாமா?

அடுப்புச் சாம்பலைக் கொஞ்சமாகப் போடலாம், பாத்திரமும் தேய்க்கலாம். குழாய்க் கரியில் தார் இருக்கிறது. கறிவேப்பிலைக்கு அதைப் போடாதீர்கள். இரண்டு நாள் இரும்பு வாளியில் மூடிவைத்து, முழுக்க ஆறியதும் பையில் கட்டிக் குப்பையில் சேருங்கள்.

ரெண்டு அடுப்பு இருக்கு. ஒரே குழாய்ல சேர்த்துட்டா தேய்க்கிற வேலை பாதியாகுமே?

ஆகாது. ஒன்று எரிந்து மற்றது சும்மா இருக்கும்போது, அணைந்த அடுப்பின் வழியாகக் குளிர்ந்த காற்று குழாய்க்குள் ஏறும், குழாய் ஆறும், தார் படியும். இரண்டும் சேர்ந்து எரிய 6 அங்குலக் குழாய் பற்றாது. இரண்டு 6 அங்குல வழிக்குச் சமமாக ஒரே குழாய் வேண்டுமென்றால் ஏறக்குறைய எட்டரை அங்குலம் வேண்டும். அந்தக் குழாயில் ஒற்றை அடுப்பின் புகை இன்னும் மெதுவாக, இன்னும் குளிர்ந்து ஏறும். தனித்தனிக் குழாயே வையுங்கள். ஒரு பிரஷ், ஒரு செட் கம்பி இரண்டுக்கும் போதும்.